நண்டு நிற்கும் இடத்தில் பேச்சு பிறக்கிறது

குளச்சல் பக்கம் ஒரு கடலோர வீட்டு முற்றத்தில், ஒரு வயதுப் பேரனின் உள்ளங்கையைச் சட்டியாகவும் தன் முழங்கையை மத்தாகவும் வைத்துப் பருப்பு கடைந்து, விரல் விரலாக மடக்கி வீட்டாருக்கெல்லாம் பங்கு வைத்த பிறகு, தன் இரு விரல்களை நண்டாக்கி அவன் கைமேல் ஊரவிடும் பாட்டி, அக்குளை நெருங்கியதும் சட்டென்று நிறுத்திவிடுகிறார். குழந்தை மூச்சடக்கி அவர் முகத்தையே பார்க்கிறது. இவ்விளையாட்டின் பயன் பெரிதும் அந்த இரண்டு மூன்று நொடி மௌனத்தில்தான் இருக்கிறது.

ஒரே சொற்கள் ஒரே ராகத்தில் ஒரே வரிசையில் நாள்தோறும் வருவதால், அடுத்து வரப்போவதைக் குழந்தையின் மூளை முன்கூட்டியே எதிர்பார்க்கப் பழகுகிறது. எதிர்பார்த்தது வராதபோது அந்த இடைவெளியை முதலில் பார்வையாலும், பிறகு உடல் நெளிவாலும், பின்னர் ஓர் 'ஆ'வாலும், ஒரு நாள் சொல்லாலும் நிரப்புகிறது. மாறிமாறிப் பேசும் உரையாடலின் எலும்புக்கூடு இதுவே. பெரியவர் பொறுமையிழந்து தாமே முடித்துவைத்தால் குழந்தையின் முறை பறிபோகிறது. சிரட்டைக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை ஒளித்து (புளியங்கொட்டை வேண்டாம், எல்லாம் வாய்க்குள் போகும் வயது) "எங்கே?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் இதே வேலையைச் செய்யும்.

பேச்சுக்கு வெகு முன்பே செவி வேலையைத் தொடங்கிவிடுகிறது. பிறந்த சில நாள்களிலேயே தாயின் குரலைக் குழந்தை இனங்காண்கிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்டு டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் இந்தியின் ட, த ஒலிகளை ஆறேழு மாதத்தில் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கும்போது அத்திறன் பெரிதும் மங்கிவிட்டது. பட்டும் பத்தும் அன்றாடம் ஒலிக்கும் நம் வீடுகளில் அவ்வேறுபாடு நிலைக்கிறது. களியக்காவிளைப் பக்கம்போல் தமிழும் மலையாளமும் கலந்து கேட்கும் வீடுகளில், இரண்டு மொழி பேச்சைத் தாமதமாக்கும் என்று அஞ்சத் தேவையில்லை.

கைப்பேசிப் பாட்டு பாட்டிக்கு ஈடாகாது. பாட்ரிசியா குல் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் மாண்டரின் என்னும் சீன மொழியின் ஒலிகளை நேரில் விளையாடியவரிடம் கற்றன. அதே நபரைக் காணொளியில் பார்த்தவை கற்கவில்லை.

மடியில் வைத்து விளையாடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. திறந்த வெளியில் பேசுபவருக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். கடலிரைச்சலிலோ தொலைக்காட்சிச் சத்தத்திலோ தவறிய ஒலியைப் பெரியவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். சொல்வளம் இல்லாத குழந்தையால் அது முடியாது.

செவித்திறன் இல்லாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மழலை ஒலி எழுப்பும் என்பதால் பெற்றோர் ஏமாறுவதுண்டு. ஆகவே, பிறந்து ஒரு மாதத்திற்குள் செவிப் பரிசோதனை, குறை இருந்தால் மூன்று மாதத்திற்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சை என்பது மருத்துவ உலகம் வகுத்த கணக்கு.