டப்பாவைக் கையோடு கொண்டு வாருங்கள்

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து 24 வயது இளைஞர் ஒருவரை அவருடைய தந்தை என் காரைக்குடி மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். சிங்கப்பூர் வேலைக்கு முன்னதாகச் செய்த இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு 1.5 என்று வந்திருந்தது. அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 1.3. "பயலுக்குக் கிட்னி போயிருச்சுன்னு சொல்றாக டாக்டர்" என்று சொல்லும்போதே தந்தையின் கை நடுங்கியது. இளைஞரோ தேக்குக் கதவைப் போன்ற தோள்களுடன், இரத்த அழுத்தம் 120/76 என்ற கணக்கில், எந்தத் தொந்தரவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். மாத்திரை, மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு, தந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

தந்தையைச் சற்று வெளியே இருக்கச் சொன்ன பிறகுதான் பேச்சு வந்தது. ஓராண்டாக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார். மாஸ்டர் சொன்னபடி வே புரோட்டீன் ஒரு டப்பாவும் கிரியேட்டின் ஒரு டப்பாவும் வாங்கி, வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள் என்று இரண்டையும் நண்பரின் கடையில் வைத்துச் சாப்பிட்டு வருகிறார். பரிசோதனைக்கு முந்தைய நாள் மாலை கால்களுக்கான கடுமையான பயிற்சியும், இரவில் அரைக் கிலோ கோழிக்கறியும் ஆகியிருக்கின்றன.

கிரியேட்டின், கிரியேட்டினின் என்னும் இரண்டு பெயர்களுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதன்று. கிரியேட்டின் நம் உடலே தயாரித்துக்கொள்வது; மீனிலும் இறைச்சியிலும் இருப்பது; தசையில் தங்கி, எடை தூக்குவது போன்ற சில விநாடி முயற்சிகளுக்கு ஆற்றல் தருவது. அது தசையில் சிதைந்து உண்டாகும் கழிவே கிரியேட்டினின். சிறுநீரகம் அதை வெளியேற்றுவதால், இரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறோம். ஆனால் தசை மிகுந்தவருக்கும், கிரியேட்டின் தூள் சாப்பிடுபவருக்கும், முந்தைய இரவு நிறைய இறைச்சி உண்டவருக்கும், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த எண் சற்று உயரும். இவருடைய சிறுநீரில் புரதம் இல்லை. ஸ்கேனில் குறை இல்லை. தசையின் அளவைப் பெரிதாகச் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையும் சரியாகவே இருந்தது. தூளை நிறுத்தி, மூன்று வாரம் கழித்து, பயிற்சிக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு எடுத்தபோது கிரியேட்டினின் 1.1 ஆக இறங்கியிருந்தது.

நான் இத்தொழிலுக்கு வந்த புதிதில், டப்பா என்ற சொல்லைக் கேட்டாலே "எல்லாவற்றையும் தூக்கிப் போடு" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அது என் பிழை. அப்படிச் சொன்னதால் யாரும் நிறுத்தவில்லை. என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்தினார்கள். ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவர் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் எடுப்பதால் சிறுநீரகம் கெடுவதாக இதுவரையிலான ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

புரதத் தூளின் கதை வேறு. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்த பின் மிஞ்சும் நீரிலிருந்து எடுப்பதே வே புரோட்டீன். அது உணவுதான், மருந்தன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழுள்ள ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், சாதாரண வளர்ந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது. உடலைப் பெருக்குவதற்காகப் புரதத் தூள் சாப்பிட வேண்டாம் என்றும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டலில் அறிவுறுத்தியது. எடைப் பயிற்சி செய்பவருக்கு கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரை பயன்படலாம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலான கருத்து. அப்படியே வைத்துக்கொண்டாலும் 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 96 கிராம்தான். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் கோழிக்கறியில் இருபதுக்கு மேல், அரை லிட்டர் பாலில் 16, ஐம்பது கிராம் பாசிப்பயற்றில் 12 என்று கூட்டிக்கொண்டு போனால், அசைவம் உண்ணும் வீட்டில் டப்பா இல்லாமலே இது நிரம்பிவிடும். சைவ வீடுகளில்தான் சற்றுக் கணக்குப் பார்க்க வேண்டும்; அங்கே குறைகிற இருபது கிராமுக்காக ஒரு ஸ்கூப் எடுப்பதை நான் தடுப்பதில்லை.

உடல் எடையைக் கூட்டும் தூள் என்று சொல்லி மாஸ் கெய்னர் என்ற பெயரில் விற்பதன் மீதுதான் எனக்குக் கோபம். பின்பக்க அட்டவணையைப் படித்துப் பாருங்கள்: பெரும்பாலானவற்றில் முக்கால் பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்து, சர்க்கரையைப் போலவே விரைவாக இரத்தத்தில் ஏறக்கூடியது. பெற்றோர் இருவருக்கும் நீரிழிவு உள்ள பையன் இதை நாளுக்கு மூன்று வேளை கலக்கிக் குடிக்கிறான். உளுந்தையும் பாசிப்பருப்பையும் வறுத்து அரைத்து, கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் கும்மாயத்தை நம் ஆச்சிமார்கள் டப்பாவில் அடைத்து, மேலே ஒரு புஜத்தின் படத்தை ஒட்டியிருந்தால் அதுவும் மாஸ் கெய்னர்தான். விலைதான் இவ்வளவு ஆகாது.

டப்பாவின் மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கேரள மருத்துவர்களின் முயற்சியில் இந்தியச் சந்தையின் 36 புரதத் தூள்கள் சோதிக்கப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டில் புரத அளவு குறித்த தகவல் தவறாக இருந்தது; சிலவற்றில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினும் இருந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமான ஆய்வில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கிப் புரதம் என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்துவிட்டால், தசைக்குப் பெரிதாக உதவாத நைட்ரஜனும் காகிதத்தில் புரதமாகிவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிம எண் 14 இலக்கங்களில் இருக்கிறதா, அது அந்த நிறுவனத்துக்கே உரியதா என்று இணையத்தில் சரிபார்க்கலாம். போலியை ஓரளவு விலக்க அது உதவும், உள்ளிருப்பதற்கு முழு உத்தரவாதம் ஆகாது. வெளியூரிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் கொண்டுவந்தது என்பதாலும் அது சுத்தமாகிவிடாது.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது பெயர் ஒட்டாத பொட்டலங்களைத்தான். மஞ்சுவிரட்டுக்கு உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்த 21 வயதுப் பையன் ஒருவர், உடல் முழுக்கச் சொறிந்த கீறல்களோடு வந்தார். கண் மஞ்சளாகியிருந்தது, இரண்டு வாரமாகக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அரிப்பினால் இரவில் தூக்கமே இல்லை. காமாலையின் கடுமையைக் காட்டும் பிலிருபின் 14. கல்லீரல் நொதிகளோ அந்த அளவுக்கு ஏறவில்லை. வைரஸ் பரிசோதனைகளிலும் ஒன்றும் இல்லை. இப்படி அரிப்பு முந்தி நிற்கும் காமாலையைக் கண்டால் வாய்வழி அனபாலிக் ஸ்டீராய்டை, அதாவது தசையைப் பெருக்க விழுங்கும் செயற்கை ஆண் ஹார்மோனை, சந்தேகிக்க வேண்டும். இவரும் "கட்டிங் மாத்திரை" என்று யாரோ மடித்துக் கொடுத்த இளஞ்சிவப்பு மாத்திரைகளை ஏழு வாரம் விழுங்கியிருந்தார். கல்லீரல் தேறுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் வந்தால் மூளை தன் கட்டளையை நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும், விந்தணு குறையும், மார்பு பெண்களைப் போலத் திரளும். திருமணமாகிக் குழந்தைக்காகக் காத்திருப்பவர்களிடம் நான் இதைக் கேட்காமல் விடுவதில்லை. கேட்டதில் சிலர் தலையைக் குனிந்துகொண்டதும் உண்டு.

ஆகவே இரத்தப் பரிசோதனைக்கு வரும்போது டப்பா, பொட்டலம், உறை எதுவானாலும் கையோடு கொண்டு வாருங்கள். இரண்டு நாள் கடும் பயிற்சியைத் தவிர்த்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் தசையிலிருந்து கசியும் எஸ்ஜிஓடி என்னும் நொதி ஏறி, கல்லீரல் கெட்டதாக வீண் பயம் கிளம்பும். முடி உதிர்வுக்கு அதிக அளவு பயோட்டின் என்னும் வைட்டமின் எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அது தைராய்டு முடிவுகளைப் பொய்யாக்கக்கூடும்.

தேவகோட்டை இளைஞர் கடைசியாக வந்தபோது இரண்டு டப்பாக்களையும் மஞ்சள் பையில் போட்டுத் தந்தையின் கையிலேயே கொடுத்துக் கொண்டுவந்திருந்தார். கிரியேட்டின் பாதி மீதமிருந்தது. "இதை என்ன செய்யட்டும் டாக்டர்? 900 ரூவா குடுத்துருக்கான்" என்று கேட்டவர் தந்தைதான். சிங்கப்பூர்ப் பரிசோதனை முடிந்த பிறகு சாப்பிடட்டும், அளவு ஒரு சிறு கரண்டிக்கு மேல் போக வேண்டாம் என்றேன். மகன் சிரித்தார், தந்தை மூடியைத் திறந்து, வெள்ளைத் தூளை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு இறுக்கி மூடினார்.