மாங்காயைத் தள்ள மறுத்த பையன்

போன வாரம் இன்னொரு பிள்ளை. நாலாம் வகுப்பு. "பள்ளிக்கூடத்துல மந்தபுத்தின்னு சொல்லிட்டாங்க மேடம்" என்று அப்பா ஒரு தாளை நீட்டினார். சந்தூர் பக்கம் குத்தகைத் தோப்பில் வேலை பார்ப்பவர். தாளில் தொரட்டி, கத்தி, கூடை, மாங்காய் என்று நாலு படம். சேராதது எது? மற்ற மூன்றும் கருவி, மாங்காய்தான் விடை. பையன் எதையும் வட்டமிடவில்லை.

ஏன் என்று கேட்டேன். "காம்போட இழுத்து வலையில விழ வெக்கணும். அடிபட்டா கறுத்துடும், மண்டியில எடுக்க மாட்டாங்க. மாங்காயைத் தள்ளிட்டா மத்ததுக்கு என்ன வேலை?"

இந்தப் பதிலைத் தொண்ணூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். 1931, 32இல் சோவியத் உளவியலாளர் லூரியா உஸ்பெகிஸ்தான் விவசாயிகளிடம் சுத்தி, ரம்பம், கோடாலி, மரக்கட்டை காட்டினார். கட்டையைத் தள்ள அவர்கள் ஒப்பவில்லை. கட்டை இல்லாமல் ரம்பம் எதற்கு? கொஞ்ச காலம் படித்தவர்களோ கருவிகளைத் தனியாகப் பிரித்தார்கள். மூளை மாறவில்லை, செய்கிற வேலை மாறியது. மனித சாரம் என்பது சமூக உறவுகளின் மொத்தம் என்று மார்க்ஸ் 1845இல் குறித்ததை லூரியாவின் சகாக்களான வைகோட்ஸ்கியும் லியோன்டியேவும் உளவியலுக்குள் கொண்டுவந்தது இப்படித்தான்: மனம் செயலில் உருவாகிறது. விவசாயியின் சிந்தனையை லூரியா ஒரு படி கீழே வைத்ததை மட்டும் நான் ஏற்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது "பொதுப்புத்திகூட இல்லையே" என்ற பேச்சில்தான். பொதுப்புத்தி பிறவியிலேயே வருவதில்லை. அது அடுக்கடுக்காகப் படிந்தது என்று முசோலினியின் சிறையில் இருந்து இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சி எழுதினார். பழைய நம்பிக்கை, அரைகுறை அறிவியல், மேலே இருப்பவர் சொன்னது எல்லாம் அதில் கலந்திருக்கும். நடுவில் நல்லறிவும் இருக்கும். "அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று நம் ஊரில் கூசாமல் சொல்கிறோமே, அதுவும் பொதுப்புத்திதான். அடிபட்ட காய் விலை போகாது என்று பையன் சொன்னதும் பொதுப்புத்திதான். எது சோதனைக்குரியது?

"சரி, இதுல தின்கிறதை மட்டும் தனியா வெச்சா?" என்றேன். உடனே மாங்காயை நகர்த்தினான். ஒரு சின்னக் கைகொடுப்பு, அவ்வளவுதான்.

அறிவுத்திறன் குறைபாடு உண்மையாகவே உள்ள பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு முறையான மதிப்பீடு சீக்கிரமே வேண்டும். ஒரு தாள் மதிப்பீடு ஆகாது. ஆசிரியர்களே, முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். வீட்டில் தெலுங்கா, கன்னடமா என்று கேளுங்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போன குடும்பம் என்றால் பிள்ளை எத்தனை மாதம் பள்ளிக்கே வரவில்லை என்று எண்ணுங்கள். தப்பான பதிலுக்குச் சுழி போடுவதற்கு முன் "ஏன்டா?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

அப்புறம், தயவுசெய்து, அந்த வார்த்தையைப் பிள்ளை முன்னால் சொல்லாதீர்கள். அவன் அப்பா அதைச் சொன்னபோது பையன் நாற்காலிக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டான்.