நானோ டப்பாவையும் கழுவத்தான் வேண்டும்

போன செவ்வாய்க்கிழமை வந்த பெண்ணுக்கு வயது 24. வேலை பெங்களூரு ஒயிட்ஃபீல்டில், வீடு அல்சூரில். ஞாயிறு இரவு கண் உறுத்தியிருக்கிறது. திங்கள் காலை சிவந்திருக்கிறது. மாலையில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறாள் (அதில் ஸ்டீராய்டு இருந்தது, அதற்கு இன்னொரு நாள் தனியாகத் திட்டுகிறேன்). செவ்வாய்க்கிழமை என் முன்னால் உட்கார்ந்தபோது கருவிழிக்கு நடுவே வெள்ளையாகக் குழைந்த ஒரு புண். சுரண்டி எடுத்து, பாக்டீரியாவை வகை பிரித்துக் காட்டும் கிராம் சாயம் போட்டால் சிவப்புக் குச்சிகள். கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்ததில், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. அவளுடைய கான்டாக்ட் லென்ஸ் டப்பாவிலும் அதேதான் வளர்ந்தது.

“டப்பாவைக் கடைசியா எப்போம்மா கழுவினே?”

“கழுவ வேணாம்னுதானே டாக்டர் அதை வாங்கினேன்? நானோ கோட்டிங். கிருமியே ஒட்டாதுன்னு போட்டிருந்தது.”

இந்த மழைக்காலத்தில் இதே பதிலைக் கேட்பது நான்காவது தடவை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கிருமியைக் கொல்லும் நானோ பரப்பு என்பது கட்டுக்கதை அல்ல. 2012இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு வகைச் சில்வண்டின் இறக்கையில் இதைக் காட்டினார்கள். அந்த இறக்கை முழுக்க நுண்ணிய தூண்கள். உயரம் சுமார் 200 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), ஒன்றுக்கொன்று இடைவெளி 170 நானோமீட்டர் அளவில். ஆயிரம் நானோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாக்டீரியா அதில் வந்து படுத்தால் அதன் உடம்புக்கு அடியில் பல தூண்கள் நிற்கும். அவர்கள் விட்டுப் பார்த்ததும் நம் சூடோமோனாஸைத்தான். சில நிமிடங்களில் செத்தது. இறக்கை மேல் மெல்லிய தங்கப் பூச்சு பூசிப் பார்த்தார்கள், அப்போதும் செத்தது. ஆக வேலை செய்தது மருந்தல்ல, வடிவம்.

முள் மேல் சேலை விழுந்தாலும் சேலை மேல் முள் விழுந்தாலும் சேதாரம் சேலைக்கு என்பார்களே, அதேதான். ஊசி குத்திச் சாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் தந்த விளக்கம் வேறு: தூண்களில் ஒட்டிக்கொண்ட உறை நடுவில் தொய்ந்து, இழுபட்டு, கிழிகிறது. சேலை மெல்லியதாக இருந்தால்தான் கிழியும். சூடோமோனாஸுக்குச் சுவர் மெல்லியது. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு வகை பாக்டீரியாவுக்குக் காடாத் துணி மாதிரி கெட்டிச் சுவர். சில்வண்டு இறக்கையில் அது பிழைத்துக்கொண்டது. தட்டான் இறக்கையும், அதே மாதிரி நுண்ணிய முட்கள் உள்ள கறுப்பு சிலிக்கானும் இரண்டு வகையையுமே கொன்றன என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. இங்கே நம் இந்திய அறிவியல் கழகத்திலும் (ஐ.ஐ.எஸ்.சி.) எலும்பு சிகிச்சைக்கான டைட்டானியத்தில் இப்படிப்பட்ட பரப்பை உருவாக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல வேலை. எனக்கு அதில் சண்டை இல்லை.

சண்டை “அப்போ கழுவ வேண்டாம்” என்பதில்.

அந்தத் தூண் தன் மேல் வந்து படுத்த கிருமியை மட்டும்தான் கொல்லும். டப்பாவுக்குள் இருக்கும் திரவத்தில் நீந்துகிற கிருமியை அது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. சரி, வந்து படுத்தது செத்தது என்றே வைத்துக்கொள்வோம். செத்த உடம்பு எங்கே போகும்? அங்கேயேதான் கிடக்கும். ஆணிப் படுக்கையில் மெத்தை விரித்த கதை. அடுத்து வருகிற கிருமி பிணத்தின் மேல் சொகுசாக உட்கார்ந்து, பிசுபிசுப்பான கூழைச் சுரந்து குடும்பம் நடத்தும். பயோஃபிலிம் என்று நாங்கள் சொல்வது அந்தக் குடியிருப்பைத்தான். போதாததற்கு உங்கள் கண்ணீரில் புரதம் இருக்கிறது. லென்ஸோடு அதுவும் டப்பாவுக்கு வந்து படிகிறது. 200 நானோமீட்டர் தூண் மூடிப்போக எவ்வளவு அழுக்கு வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? தலைமுடியின் தடிமனே அதைப்போல முந்நூறு மடங்குக்கு மேல். ஆய்வுக்கூடத்தில் சுத்தமான இறக்கை, சில நிமிடம், சில மணி நேரம். உங்கள் குளியலறையில் மூன்று மாதம்!

இன்னொன்று. கடையில் நானோ என்று விற்பதில் பெரும்பாலும் தூணே கிடையாது, வெள்ளித் துகள்தான் கலந்திருக்கும். வெள்ளி கிருமியைக் கொல்லும், உண்மை. ஆனால் 1975லேயே அமெரிக்காவில் ஒரு தீக்காயப் பிரிவில் வெள்ளி நைட்ரேட்டுக்கு அசராத சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவைக் கண்டார்கள். தாமரை இலையில் நீர் ஒட்டாத மாதிரி டப்பாவிலும் எதுவும் ஒட்டாது என்ற உதாரணத்தையும் தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். இலையில் நீர் ஒட்டாததற்குக் காரணம் அதன் மேடுபள்ளங்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று. ராத்திரி முழுக்க திரவம் நிற்கிற டப்பாவில் அந்தக் காற்று எத்தனை நாள் தாங்கும்?

அப்புறம், செய்ய வேண்டியது. தினமும் காலையில் பழைய திரவத்தைக் கொட்டுங்கள். மேலே கொஞ்சம் புதுசு ஊற்றி நிரப்புவது கூடவே கூடாது. டப்பாவைப் புது லென்ஸ் சொல்யூஷனால் அலம்பி, விரலால் தேய்த்து, சுத்தமான டிஷ்யூவில் துடைத்து, மூடியைத் திறந்து கவிழ்த்து வையுங்கள். குழாய்த் தண்ணீர் படக்கூடாது. காவிரித் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ, எதுவும் வேண்டாம். கருவிழியைத் தின்னும் அமீபா குழாய்த் தண்ணீரிலும் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். அதில் நானோ என்று எழுதியிருந்தாலும் சரி, தங்கம் என்று எழுதியிருந்தாலும் சரி. லென்ஸோடு தூங்காதீர்கள், குளிக்காதீர்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வண்டியிலேயே கண் அசந்துவிடுகிறீர்கள் என்று தெரியும். அன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு போங்களேன், என்ன குறைந்துவிடும்?

கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் வாருங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கருவிழியின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். சூடோமோனாஸுக்கு அதை அரிக்க இரண்டு மூன்று நாளே போதும். அந்தப் பெண்ணுக்கு மணிக்கொரு தடவை மருந்து விட்டுப் புண் அடங்கிவிட்டது, நடுவில் வடு மட்டும் நின்றுவிட்டது.

வரும்போது லென்ஸையும் டப்பாவையும் கையோடு எடுத்து வாருங்கள். டாக்டர் திட்டுவாரே என்று அன்றைக்கு மட்டும் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்து விடாதீர்கள். கல்ச்சருக்கு எனக்கு அந்த அழுக்குதான் வேண்டும்.