எழுத்துருவா, எழுத்தமைதியா?

"இந்தப் பழைய விமானக் கருவிப் பலகையில் உள்ள எழுத்துரு எது?" இந்த வாக்கியத்தைச் சில வாரங்களுக்குள் மூன்று மொழிபெயர்ப்புகளில் படித்துவிட்டேன். ஒன்றில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்பதை இசைக்கருவியாக எடுத்துக்கொண்டு 'வாத்தியப் பலகை' என்றே எழுதியிருந்தார்கள். திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, உயரம் காட்டும் கருவியை வாத்தியம் என்று படித்தால் கை தானாகத் தொடையில் தாளம் போடுகிறது. அதை மன்னித்துவிடலாம், படித்தவுடன் சிரிப்பு வருவதால் யாரும் ஏமாற மாட்டார்கள். 'எழுத்துரு' அப்படியல்ல. சரியான சொல்லைப் போலவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எழுத்துரு என்று நாம் மொழிபெயர்க்கும் ஃபாண்ட் என்ற ஆங்கிலச் சொல், உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நாச்சியார்கோயிலில் வண்டல் மணலில் குத்துவிளக்கு வார்க்கிறார்களே, அந்த வேலைதான். அச்செழுத்து வார்க்கப் பித்தளைக்குப் பதில் ஈயக் கலவை. தரங்கம்பாடி அச்சகத்துக்கு ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்து தாளைத் தின்றதால், இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். கணினி வந்தபின் வார்ப்பு கோப்பாயிற்று. அந்தக் கோப்புக்கு எழுத்துரு என்று பெயர் வைத்தோம். நல்ல சொல், அதன் மேல் எனக்குச் சண்டையில்லை. அதைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டுகிறார்களே, அங்கேதான் சண்டை.

தங்கை மகன் பழைய கருவிகள் சேர்ப்பவன். கறுப்பு வண்ணம் பூசிய ஒரு விமானக் கருவிப் பலகைத் துண்டைக் கொண்டுவந்து, "மாமா, இது என்ன எழுத்துரு என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்" என்றான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாக் கோடும் ஒரே தடிமன். கோட்டின் முனைகள் மழுங்கி உருண்டிருந்தன. நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்பட்டது. பள்ளத்தில் வெள்ளை வண்ணம். ஓர் எழுத்தில் பாதி உதிர்ந்திருந்தது. வார்த்ததுமில்லை, அச்சடித்ததுமில்லை. வெட்டியது.

வெட்டிய விதம் இது: ஒரு தகட்டில் பெரிய எழுத்து வாய்க்கால் போல் குடையப்பட்டிருக்கும். அந்த வாய்க்காலில் ஒருவர் முள்ளை ஓட்டுவார். பாண்டோகிராஃப் என்ற சட்டக்கை அந்த அசைவைச் சுருக்கி மறுமுனைக்குக் கடத்தும். அங்கே சுழலும் சிறு வெட்டுமுனை பலகையைக் குடையும். வெட்டுமுனை உருண்டை, அதனால் கோட்டின் முனையும் உருண்டை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரேசின் ஊரிலிருந்த கார்ட்டன் நிறுவனம் இந்த இயந்திரத்துக்கும் எழுத்துத் தகடுகளுக்கும் பேர்போனது. அந்த வடிவத்தையே இன்று கார்ட்டன் என்கிறார்கள்.

'எழுத்தின் உரு எழுத்துரு, இதில் என்ன தவறு?' என்பார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் தவறில்லைதான். ஆனால் சொல்லுக்குப் பிறப்பு மட்டுமா, பிழைப்பும் உண்டு. இன்று எழுத்துரு என்றால் தரவிறக்கி நிறுவுவது என்றுதான் எல்லோருக்கும் புரிகிறது. கோப்பு எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் கோடும் இரண்டு மடங்கு தடிக்கும். வெட்டிய எழுத்து அப்படித் தடிக்காது: அதே வெட்டுமுனை மாட்டியிருக்கும்வரை உயரம் கூடினாலும் கோடு அதே கோடு, எழுத்து மெலிந்து தெரியும். இந்த வேறுபாடு தெரியாமல் 'ஏதோ எழுத்துருவின் மெல்லிய வகை' என்று விளக்கம் எழுதுகிறவர்களை என்ன செய்வது? கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் கல்யாணச் சீர்க் குடத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் போய் "இது என்ன எழுத்துரு?" என்று கேட்டுப் பாருங்கள். "என் கையெழுத்துத்தான்" என்பார். பெயர் 'வெட்டுவது' என்றுதான் அவரும் சொல்கிறார், வாங்குகிறவரும் சொல்கிறார். நம் மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் அகராதியைத் திறந்தால்தான் வாய் திறக்கும்.

'எழுத்துமுகம்' என்று ஒரு புதுச்சொல்லும் உலவுகிறது. எழுத்து வடிவத்தைக் குறிக்கும் டைப்ஃபேஸ் என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி மொழிபெயர்த்தது போலிருக்கிறது. முகம் என்றால் கருவியின் முகப்பு என்றே வாசகர் நினைப்பார். வெட்டெழுத்து என்று சொன்னால் எனக்கு மகிழ்ச்சி, ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர் அதை வட்டெழுத்து என்று 'திருத்தி'விடுவார், எனக்கே நடந்திருக்கிறது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கருவியின் முகப்பில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் வெட்டியவை அல்ல, அச்சிட்டவை அல்லது ஒளிரும் வண்ணம் பூசியவை. அவற்றின் வடிவத்துக்கு அமெரிக்கப் படைத்துறை தனித் தரவரையறையே வைத்திருந்தது: முதலில் ஏஎன்டி 10400, பிறகு எம்எஸ் 33558. வெட்டியது, பூசியது, வார்த்தது எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.

அந்தச் சொல் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. கல்வெட்டு படிப்பவர்கள் ஆண்டுக் குறிப்பு இல்லாத கல்லைப் பார்த்தால் "எழுத்தமைதியைக் கொண்டு இது இன்ன நூற்றாண்டு" என்று எழுதுவார்கள். கோட்டின் வளைவு, முனை, சாய்வு, இடைவெளி எல்லாம் அதில் அடக்கம். எந்தக் கருவியால், யார் கையால் வந்தது என்ற கேள்வியையும் அது திறந்து வைக்கிறது. பழைய கருவிப் பலகையை அடையாளம் காண்கிறவரும் அதையேதான் செய்கிறார். கொடைகளைப் பெரிய கோயிலின் விமானத்தில் 'கல்லிலே வெட்டுக' என்றார் இராசராசன். விமானத்து எழுத்துக்குச் சொல் தேடி நாம் வெளியூர் போகிறோம்!

தங்கை மகன் பலகைத் துண்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டான். கீழே சீட்டும் ஒட்டியிருக்கிறான்: "எழுத்தமைதி: கார்ட்டன். வெட்டி, வெள்ளை நிரப்பியது." பக்கத்தில் உயரம் காட்டும் கருவி இருக்கிறது. அதன் 3, 6, 9 மூன்றையும் தரவரையறைப் படத்தோடு ஒப்பிட்டு முடிக்கும்வரை அதற்குச் சீட்டு கிடையாது என்று சொல்லிவிட்டேன்.