வருந்தினாரா, மன்னிப்புக் கேட்டாரா?

யாழ்ப்பாணத்தில் அண்மையில் ஒரு சர்வமதக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச்சாளர் ஒருவர் மறுபடியும் அதையே சொன்னார்: "பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கேட்டார்." கேட்கவில்லை. இந்தப் பிழையைக் கேட்டுக் கேட்டே களைத்துப்போனேன்.

2006 செப்டெம்பர் 12ஆம் திகதி, ஜேர்மனியின் ரெகன்ஸ்பேர்க் பல்கலைக்கழக உரையில், நபிகளாரை இழித்துரைத்த பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் மனுவேலின் கூற்று ஒன்றைப் பாப்பரசர் எடுத்துக்காட்டினார். பல நாடுகளில் முஸ்லிம்கள் கொதித்தெழுந்தார்கள். ஐந்து நாள் கழித்து, ஞாயிறு மூவேளைச் செபத்தின்போது, தன் உரையின் சில வரிகளுக்கு எழுந்த எதிர்வினைகளையிட்டு ஆழ்ந்து வருந்துவதாகச் சொன்னார். மேற்கோள் தன் சொந்தக் கருத்தல்ல என்றும் சொன்னார். வருந்தியது எதிர்வினைகளுக்கு. அந்த வரிகளைச் சொன்னதற்கு அல்ல. முஸ்லிம்கள் பலரின் மனக்குறையே அதுதான். 'மன்னிப்புக் கேட்டார்' என்று எழுதிவிட்டால் அந்தக் குறை மறைந்துபோகிறது. அதன்பிறகும் மனம் ஆறாதவர்கள் வீம்பர்களாகத் தெரிகிறார்கள்.

அந்தப் பேச்சின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்த 'சொறி' (sorry)தான் இங்கே குழப்பம். காலை மிதித்தாலும் சொல்வார்கள், செத்தவீட்டிலும் சொல்வார்கள். அதன் வேர், நோவு என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். பாப்பரசர் இத்தாலிய மொழியில் சொன்னது 'ரம்மாரிக்காத்தோ'. அதன் வேர் கசப்பு. இரண்டு வேரிலும் குற்றத்தை ஏற்றல் இல்லை.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் வருத்தம். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்ற குறளில் அது உடலின் நோவு. 'அவருக்கு வருத்தம்' என்றால் எங்கள் ஊரில் இன்றும் நோய்தான். பாப்பரசருக்கு நோய் என்று வாசகர் நினைத்துவிடுவார் என்ற பயமா? சரி, 'மனம் வருந்தினார்' என்று எழுதுங்கள். அதில் என்ன குறை?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் வேறொரு திருத்தம் சொல்கிறார்கள்: மன்னிப்பு உருதுச் சொல்லாம், 'பொறுத்தருளக் கோரினார்' என்று எழுதவேண்டுமாம். உருதுச் சொல் 'முஆஃபி'. அது தமிழுக்கு வந்த வடிவம் 'மாப்பு'. முஸ்லிம்களின் பேச்சில் இன்றும் உண்டு. மன்னிப்புக்குக் கன்னடத்தில் 'மன்னிசு', தெலுங்கில் 'மன்னிஞ்சு' என்று பக்கத்திலேயே உறவு இருக்க, உருதுவுக்கு ஏன் ஓடவேண்டும்? 'பொறுத்தருளும்' அழகான சொல். கத்தோலிக்கரின் பழைய செபத்தில் 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்றே வரும். ஆனால் அதுவும் பிழை செய்தவர் கேட்பதுதானே! சொல்லைச் சுத்தமாக்கப் போய்ப் பொருளைக் கெடுக்கிறார்கள். பத்திரிகை மொழிபெயர்ப்பாளர்களுக்கோ இந்த யோசனைகூட இல்லை. 'சொறி' கண்ட இடமெல்லாம் மன்னிப்பு.

மன்னிப்பு பாரமான சொல். முஸ்லிம்கள் தவ்பாவைத் தமிழில் பாவமன்னிப்பு என்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கும் அதே சொல்தான். செய்த குற்றத்தை ஏற்றுக்கொள்ளாமல் இருவர் வழியிலும் அதைக் கேட்க முடியாது.

வேறு ஊருக்குத் தெரியாவிட்டாலும் யாழ்ப்பாணத்துக்கு இது தெரியவேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணிநேர அவகாசத்தில், புலிகள் இங்கிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்படிப் போய்த் திரும்பி வந்த ஒருவரிடம் 'நடந்தது கவலைதான்' என்று சொல்வதும், 'எங்களை மன்னியுங்கோ' என்று கேட்பதும் அவர் காதில் ஒன்றாகவா விழும்?