எண்ணூர் ஆற்றை வரைய நான்கு டியூப் போதும்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு மாணவர்களை ஆயில் பெயின்டிங் பழக அழைத்துப் போனால், நீல டியூப்களை முதலில் பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிடச் சொல்வேன். முகம் சுளிப்பார்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிவது சாம்பலும் சேற்றுப் பழுப்பும், அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வெளுத்த வானமும்தான்.

வெள்ளை, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் ரெட் (சிவப்பு), ஐவரி பிளாக் (கறுப்பு): இவ்வளவு போதும். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் வண்ணத் தொகுப்பு இது. காட்மியத்துக்குப் பதில் அவர் வெர்மிலியன் என்ற சிவப்பைப் பயன்படுத்தினார். கறுப்பில் வெள்ளையைக் கலந்து ஓக்கருக்குப் பக்கத்தில் தீட்டினால் நீலமாகவே தோன்றும். கறுப்பும் ஓக்கரும் சேர்ந்தால் அலையாத்திப் புதரின் மங்கிய பச்சை கிடைக்கும். மீன்பிடிப் படகின் பளீர் நீலம் மட்டும் வராது. வராமல் போனால் படத்துக்கு நல்லது என்பேன்.

நிறம் குறைந்தால் பிரஷ் கழுவுவதும் குறையும், கழுவப் பயன்படும் டர்பன்டைன் செலவும் குறையும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவிக் கறுத்த கழிமுகம் இது. அதை வரைய வந்தவர்களே கழுவிய டர்பன்டைனைக் கரையில் கவிழ்ப்பதை என்னால் பொறுக்க முடியாது. மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வையுங்கள். மறுநாள் வண்டல் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மீண்டும் பயன்படுத்தலாம். சேரும் வண்டலைச் சாக்கடையில் கொட்டாமல், அபாயக் கழிவாகத் தனியே ஒப்படையுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் காலி பெயின்ட் டப்பாக்களையே அந்த வகையில்தான் சேர்த்திருந்தன.

பிரஷ் துடைத்த துணியைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. ஆயில் பெயின்ட்டில் உள்ள ஆளி விதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கிறது. துணியைக் கசக்கிப் பைக்குள் திணித்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். சென்னை வெயிலில் பூட்டிய காருக்குள் அதை விட்டுப் போவது வம்பை விலைக்கு வாங்குவது. தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி மூடிக் கொண்டுவாருங்கள். வீட்டில் உலர்த்துவதென்றால், எளிதில் தீப்பற்றும் பொருள் எதுவும் அருகில் இல்லாத திறந்த வெளியில், ஒவ்வொரு துணியையும் தனித்தனியே விரித்துப் போடுங்கள்.

காட்மியம் சிவப்பு நச்சுள்ளது. காய்ந்த படத்தை உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். கரையோரத்தில் பஜ்ஜி வாங்கினால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு சாப்பிடுங்கள்.