பள்ளியில் கண் பார்த்தார்கள், கண்ணாடி எங்கே?

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒரு தம்பதியின் மகள், மூன்றாம் வகுப்பு. பள்ளிப் பரிசோதனையில் பார்வைக் குறையைக் கண்டுபிடித்தார்கள். கண்ணாடியும் வந்தது. அதற்குள் குடும்பம் வேறு சூளைக்குப் போய்விட்டது. ஒன்றரை வருடம் கழித்து, தலைமையாசிரியர் மேசை இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடந்த அந்தக் கண்ணாடியை நானே பார்த்தேன். பதிவேட்டில் அவள் பயன்பெற்ற குழந்தை.

2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம்) என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறையும், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும். 18 வயது வரை பரிசோதனையும் மேல்சிகிச்சையும் இலவசம். திட்டம் அவ்வளவுதான். சிக்கல்கள்தான் நீளம்.

குழு பார்ப்பது பதிவேட்டில் உள்ள குழந்தைகளை. சூளையிலும் கட்டட வேலையிடத்திலும் வளரும் பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. வந்த வாரமே அருகிலுள்ள அங்கன்வாடியில் பெயர் சேருங்கள். "உங்கள் ரேஷன் கார்டு வேறு ஊரில் இருக்கிறதே" என்பார்கள், விட்டுவிடாதீர்கள். ஆதார் கேட்டாலும் அப்படித்தான்; ஆதார் இல்லை என்று குழந்தைகளுக்குத் திட்டப் பயன்களை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

குழு வந்த அன்று பிள்ளைக்குக் காய்ச்சலா? "அடுத்த வருடம் வருவார்கள்" என்பது பதிலே அல்ல. மாறுகண்ணோ, ஒரு கண்ணில் மட்டும் மங்கலோ இருந்தால், ஏழெட்டு வயதைத் தாண்டிய பிறகு மீட்பது கடினம். நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

பரிசோதனை எப்படி நடந்தது என்றும் பிள்ளையிடம் கேளுங்கள். ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது, ஒரு கண்ணைக் கையால் மூடச் சொல்வார்கள். பிள்ளை விரலிடுக்கில் பார்த்து எழுத்தைச் சொல்லிவிடும். 'பார்வை சரி' என்று எழுதி முடித்துவிடுவார்கள். கரும்பலகைக்கு அருகில் போய்த்தான் எழுதுகிறது என்று ஆசிரியர் சொன்னால், பதிவேட்டை நம்பாதீர்கள்.

பரிந்துரைச் சீட்டு கொடுத்தால் உடனே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் அலைச்சல். "கண் டாக்டர் செவ்வாய்க்கிழமைதான்", "இந்தச் சீட்டு செல்லாது, புறநோயாளிச் சீட்டு போடுங்கள்" என்று இரண்டு நாள் கூலி போய்விடும். கிளம்பும் முன்பே, எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்த அறை என்று சீட்டு கொடுத்தவரிடமே எழுதி வாங்குங்கள். கண்மணி விரிய சொட்டு மருந்து விட்டால் அரை நாளாவது ஆகும். மதியப் பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள்.

இரண்டு விஷயங்களுக்குக் குழுவுக்காகக் காத்திருக்கவே கூடாது. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும்; மிகவும் எடை குறைந்த குழந்தைக்கு அதற்கும் முன்பே. வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது பல இடங்களில் இதைச் சொல்வதே இல்லை; நீங்களாகக் கேளுங்கள். அடுத்தது, கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கேனும் திருப்பி அனுப்பினால் 104 மருத்துவ உதவி எண்ணுக்கு அழையுங்கள்; அதிலும் நடக்கவில்லையென்றால் முதல்வரின் உதவி எண் 1100. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஊர் மாறுகிறவர்கள், மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே கண்ணாடி வந்துவிட்டதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அந்த இழுப்பறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.